முக்திநாத் சென்று வந்தோம்

"முக்திநாத்துக்குச் சென்று வந்தீர்களாமே! வழி எப்படி? வயதானவர்களை அழைத்துச் செல்லலாமா?" என்று நமது சங்கத்து அன்பர்கள் பலர் கேட்ட வண்ணம் இருக்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட நமது திங்களிதழில் எழுதிவிடுவதே நலமென்று கருதி இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம். ஆனால் வழியை மட்டும் எழுதினால் பாதி உண்மையே கூறியவர்கள் ஆவோம். நாங்கள் மலைக்காட்சி காணப் புறப்படவில்லை. ஒரு பொருளை அது வந்த இடத்திலேயே திருப்பி ஒப்படைத்துவிட்டு வரப் புறப்பட்டோம். அதையும் சேர்த்துச் சொன்னாலன்றி இந்த யாத்திரை விளங்காது.

வீட்டில் இருந்த கல்

எங்கள் குடும்பம் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தது. அங்கே பூசை அறையில் ஒரு சிறு மரப்பெட்டி உண்டு. அதனுள் எலுமிச்சம்பழ அளவில் கரிய சாளக்கிராமம் ஒன்று. தந்தையாருடைய பாட்டனார் காலத்தில் வீட்டுக்கு வந்தது என்பார்கள். தந்தையார் இருந்தவரை அதற்கு நீராட்டும் துளசியும் அமுதும் ஒரு நாளும் தவறியதில்லை. தண்ணீர் எடுத்து வைப்பதும், துளசி பறிப்பதும், அமுது சமைப்பதும் அன்னையாரின் வேலை. ஆனால் பெட்டியைத் திறந்து கல்லைத் தொடுவது தந்தையார் ஒருவரே. பெண்கள் அதைத் தொடுவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். நாற்பத்தைந்து ஆண்டுகள் அந்தப் பூசைக்கு எல்லாம் செய்த அன்னையார், அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்ததே கிடையாது.

தந்தையார் காலமானபின் ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு அன்னையார் நியூ டவுனுக்கு எங்களோடு வந்தார். பெட்டியும் வந்தது. புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவர் வீட்டு நாட்குறிப்பை நமது அன்பர்கள் அறிவார்கள். ஒரு வாரம் விடியலில் புறப்பட வேண்டும். மறு வாரம் நள்ளிரவில் திரும்ப வேண்டும். ஒன்பதாவது மாடியில் துளசிக்கு வெயில் போதாது. சில நாட்கள் பூசை நடந்தது. பல நாட்கள் பெட்டி திறக்கப்படவே இல்லை.

செய்தி ஊருக்கு எட்டியது. "ஆராதனை இல்லாத வீட்டில் சாளக்கிராமத்தைப் பட்டினி போட்டு வைத்திருக்கலாகாது, கோயிலில் கொடுத்துவிடுங்கள், இல்லையேல் புண்ணிய நதியில் விட்டுவிடுங்கள்" என்று உறவினர் தொலைபேசியில் அறிவுறுத்தினர். அடுத்த வீட்டு வங்காள மூதாட்டியாரை, இவ்வூர் வழக்கப்படி நாங்கள் 'மாஷிமா' என்று அழைப்போம். அவர் மட்டும், "நாராயண சிலையையா வெளியே அனுப்புகிறீர்கள்? எங்கள் கல்யாணங்களில் அவர்தானே சாட்சி!" என்று வியந்தார். அன்னையார் ஒரு மாதம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு நாள், "ஆற்றில்தான் விட வேண்டுமென்றால் அது பிறந்த ஆற்றிலேயே விட்டுவிடுவோம், அப்பா. அந்தப் பெருமாளையும் ஒருமுறை சேவித்துவிடுகிறேன்" என்றார். அவ்வளவுதான், யாத்திரை முடிவாயிற்று.

பூசை விடுமுறைக் காலத்தில் எல்லோரும் பயணம் போவார்கள். ஆகவே எங்கள் அலுவலகத்தில் அப்போது விடுப்புக் கிட்டாது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பன்னிரண்டு நாள் விடுப்புப் பெற்று, கணவன் மனைவி இருவரும் அன்னையாருமாக மூவர் புறப்பட்டோம்.

கல் பிறந்த கதை

சாளக்கிராமம் என்பது கல்லின் பெயர் மட்டுமன்று. ஒரு திருப்பதியின் பெயரும் ஆகும். ஆழ்வார்கள் பாடிய 108 திவ்விய தேசங்களுள் ஒன்று சாளக்கிராமம். திருமங்கையாழ்வார் தமது பெரிய திருமொழியில் இதற்கென்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். பெரியாழ்வாரும் இதன் பெயரைச் சொல்லியிருக்கிறார். அந்தத் திருப்பதி, நேபாள நாட்டில் முஸ்தாங் மாவட்டத்திலுள்ள முக்திநாத் என்று வைணவர் பலர் போற்றுகின்றனர். புகைவண்டியும் தார்ச்சாலையும் இல்லாத நாளில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, காவிரிக் கரையில் இருந்தவர்களின் நாவில் இமயத்துக்கு அப்பாலுள்ள ஓரூரின் பெயர் இருந்தது என்பதை எண்ணினால் வியப்பு உண்டாகின்றது.

கல்லைப் பற்றிப் புராணம் ஒன்று சொல்லும். நில நூலார் ஒன்று சொல்வர். திருமால் துளசி தேவியின் சாபத்தால் கல்லானார் என்றும், அக்கல்லுக்குத் துளசி உகந்ததாயிற்று என்றும் புராணம் கூறும். இன்று இமயமலை நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் டெதிஸ் என்னும் கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சுருள் ஓட்டுயிர்களான அம்மோனைட்டுகளின் ஓடுகள் கடலடிச் சேற்றில் புதைந்து கல்லாயின. இந்திய நிலப்பகுதி வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோத, கடலடி மலையாக எழுந்தது. காளி கண்டகி ஆறு அம்மலையை அறுத்து அக்கற்களை வெளிக்கொணர்கின்றது என்பது நில நூலார் கூற்று. அவ்வுயிர்கள் வாழ்ந்து ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகள் ஆகின்றன. சாளக்கிராமத்தில் நாம் சக்கரம் என்று வணங்கும் சுழி, அந்த ஓட்டின் சுருளே. இவ்வினத்து உயிர்களின் சுவடுகள் நமது அரியலூர்ப் பகுதிப் பாறைகளிலும் நிறைய உண்டு. இரண்டு கதைகளையும் அன்னையாரிடம் சொன்னோம். "கடலில் கிடந்தவன் மலைமேல் வந்தான் என்கிறார்கள்; பாற்கடலானுக்கு அது பொருத்தந்தானே" என்று கூறி அமைந்தார்.

வழிப்பயணம்

கொல்கத்தாவிலிருந்து நேபாளம் செல்ல ரக்ஸௌல் வழியும் உண்டு. கோரக்பூர் வழியும் உண்டு. போகராவுக்குச் செல்வோர்க்குக் கோரக்பூர் வழியே நேர். நாங்கள் பூர்வாஞ்சல் விரைவு வண்டியில் புறப்பட்டு மறுநாள் கோரக்பூர் சேர்ந்தோம். 2013ஆம் ஆண்டு முதல் உலகிலேயே நீண்ட நடைமேடை என்னும் பெயர் இந்நிலையத்துக்கு இருந்தது. நீளம் 1,366 மீட்டர். 2023ஆம் ஆண்டில் கர்நாடகத்து ஹூப்ளி நிலையம் 1,507 மீட்டர் நடைமேடை அமைத்து அப்பெயரைப் பெற்றுக்கொண்டது. முழங்கால் வலியோடு அதில் நடந்த அன்னையாருக்கு இந்தப் பெருமையில் ஈடுபாடு உண்டாகவில்லை!

கோரக்பூரிலிருந்து பேருந்தில் சோனௌலி எல்லை. ஒரு வளைவைக் கடந்தால் நேபாளம். கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லையை அடுத்த பைரஹவாவிலிருந்து சுமார் 22 கிலோமீட்டரில் லும்பினி இருக்கின்றது. புத்தர் பெருமான் பிறந்த இடம். அங்கே அசோகர் நாட்டிய கற்றூண் 1896ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டது. சாக்கிய முனியான புத்தர் இங்கே பிறந்தார் என்றும், அதனால் அவ்வூரின் வரி குறைக்கப்பட்டது என்றும் அத்தூணில் பொறித்திருக்கின்றது. வழியில் இருப்பதால் நாங்கள் அங்கும் சென்றோம். அன்னையார் வெளி மரத்தடியிலேயே அமர்ந்துவிட்டார். "நாம் வந்தது பெருமாளைச் சேவிக்க" என்பது அவருடைய விடை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

பைரஹவாவிலிருந்து போகராவுக்குச் சித்தார்த்த நெடுஞ்சாலையில் ஒரு பகற் பயணம். நடுவழியில் ராம்தி என்னுமிடத்தில் பாலத்தின் கீழே காளி கண்டகி ஓடுகின்றது. பேருந்து நடத்துநர் பெயரைச் சொன்னதும் அன்னையார் மடியிலிருந்த பெட்டியை இறுகப் பற்றிக்கொண்டார். அவர் முகத்தைக் கண்டதும் நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

போகராவிலிருந்து ஜோம்சோம் என்னும் மலையூருக்குச் சிறு விமானங்கள் உண்டு. பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று கடுமையாக வீசுவதால் காலையில் மட்டுமே பறக்கும். 2022ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் இவ்வழியில் ஒரு விமானம் மலையில் மோதி 22 பேர் மாண்டனர். ஆகவே நாங்கள் தரைவழியையே கொண்டோம். பேனி, தாதோபானி, மார்பா என ஊர்கள் வருகின்றன. தாதோபானி என்றால் வெந்நீர். அங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டு. மார்பா ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. ஒரு பக்கம் 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரி, மறுபக்கம் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணா. நடுவே கண்டகி அறுத்துச் செல்லும் பள்ளம். உலகின் மிக ஆழ்ந்த மலைப்பிளவுகளுள் ஒன்றாக இதனைக் கருதுகின்றனர். வண்டி குலுங்கிய குலுக்கலில் காட்சியைப் பார்த்த நேரத்தைவிடக் கண்ணை மூடியிருந்த நேரமே மிகுதி என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம்.

மலைமேல்

ஜோம்சோமில் ஓரிரவு தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு, மறுநாள் காலை ராணிபௌவா என்னும் ஊருக்குச் சென்றோம். அங்கிருந்து கோயிலுக்கு அரை மணி நேர ஏற்றம். முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கின்றது. நமது நியூ டவுனோ கடல் மட்டத்துக்குச் சில மீட்டரே மேலானது. இங்கு நாம் ஒரு மூச்சில் பெறும் உயிர்வளியில் அங்கே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். அன்னையாருக்காகக் குதிரை ஒன்றை அமர்த்தினோம். "உற்சவத்தில் பெருமாளுக்குத்தான் குதிரை வாகனம், இன்று எனக்கு!" என்று அறுபத்தேழு வயதில் அவர் சிரித்த சிரிப்பு, செலவழித்த பணமெல்லாவற்றுக்கும் ஈடாயிற்று.

கோயில் சிறியது, அடுக்குக் கூரையோடு நேபாள முறையில் அமைந்தது. பின்புறம் அரைவட்டச் சுவரில் காளைத் தலை வடிவான 108 தூம்புகள். ஒவ்வொன்றிலிருந்தும் பனி உருகிய நீர் இடையறாது கொட்டுகின்றது. முன்புறம் இரண்டு குளங்கள். இளையோர் அரைவட்டம் முழுதும் ஓடி 108 தாரையிலும் தலை நனைக்கின்றனர். நாங்களும் ஓடினோம், பாதி வழியிலேயே தலை மரத்துவிட்டது. அன்னையார் நீரைத் தலையில் தெளித்துக்கொண்டதோடு நின்றார்.

இந்துக்கள் இங்குள்ள உலோகத் திருமேனியைத் திருமால் என்று வணங்குகின்றனர். பௌத்தர்களோ அதே திருமேனியை அவலோகிதேசுவரர், திபெத்திய மொழியில் சென்ரேசிக், அதாவது கருணையே வடிவான போதிசத்துவர் என்று வணங்குகின்றனர். அவர்கள் இவ்விடத்தைச் 'சுமிக் கியாத்ஸா' என்பார்கள். நூறு ஊற்றுகள் என்று பொருள். எட்டாம் நூற்றாண்டில் திபெத்துக்குப் பௌத்தத்தைக் கொண்டு சென்ற பத்மசம்பவர் வழியில் இங்கே தவம் புரிந்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. சற்றுத் தொலைவில் ஜ்வாலா மாயி கோயில். அங்கே நிலத்திலிருந்து கசியும் எரிவளி, ஓடும் நீரின் அருகிலேயே சிறு நீலச் சுடராக எரிகின்றது. நெருப்பும் நீரும் ஒரே இடத்தில் இருப்பதை இரு சமயத்தாரும் புனிதமாகக் கொள்கின்றனர். அச்சுடரைக் காப்பவர்கள் பௌத்தப் பிக்குணிகள்.

இங்கே தமிழர் நினைவில் கொள்ளத்தக்க ஒரு செய்தி உண்டு. பதினோராம் நூற்றாண்டில் தமிழகத்தில் எழுந்த பௌத்த இலக்கண நூலான வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்று கூறுகின்றது. அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் சிவபாதசேகரன் எனப் பெயர் பூண்ட இராசராச சோழன், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். ஆகவே முக்திநாத்தில் பௌத்தர் வணங்கும் பெருமான் நமக்கு அயலார் அல்லர். நாம் மறந்துவிட்ட பழைய உறவினரே. ஈழத்தில் 2,243 மீட்டர் உயர்ந்து நிற்கும் சிவனொளிபாத மலையும் இத்தகையதே. உச்சியில் உள்ள ஒரே சுவட்டை இந்துக்கள் சிவபெருமான் திருவடி என்றும், பௌத்தர்கள் புத்தர் திருவடி என்றும் வணங்குகின்றனர். இசுலாமியர் அதனை ஆதாமின் அடி என்பர். எல்லோரும் ஒரே படிகளில்தான் ஏறுகின்றனர்.

விளக்கேற்றும் அம்மாள்

இவ்வளவும் ஏட்டில் படிக்க இனிக்கும். நேரில் நடந்தது வேறு. சன்னிதியில் அன்னையார் நுழைந்தபோது உள்ளே, பெருமாளுக்கு மிக அருகில், செந்நிற ஆடை அணிந்து தலை மழித்த வயது முதிர்ந்த பிக்குணி ஒருவர் நின்றிருந்தார். விளக்கைத் தூண்டியவரும் அவரே. தீர்த்தம் கொடுக்கக் கை நீட்டியவரும் அவரே. அன்னையாரின் கை எழவில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்து, "அவள் யார்? பெண்பிள்ளை, அதிலும் பௌத்தச்சி, பெருமாளைத் தொடுகிறாளே!" என்று தமிழில் கேட்டார். நல்ல வேளை, அங்கே தமிழ் அறிந்தார் ஒருவரும் இல்லை. பிக்குணியின் கை நீட்டியபடியே இருந்தது. நாங்கள் இருவரும் வாங்கிக்கொண்டோம். அன்னையார் வாங்காமலேயே வெளியே வந்துவிட்டார்.

வெளியே வந்தவருக்கு மூச்சுத் திணறிற்று, முகம் வெளுத்தது. உயரத்தின் வேலை அது. கீழே இறங்குவதே முதல் மருந்து என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தார். குதிரைக்காரரைத் தேடிக்கொண்டு ஓடினோம். அவர் வர நேரமாயிற்று. திரும்பி வந்தபோது அன்னையார் ஒரு சிறிய அறையில், கணப்புச் சட்டியின் அருகே, கம்பளி போர்த்தி அமர்த்தப்பட்டிருந்தார். அதே பிக்குணி அவருடைய பாதங்களைத் தம் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்னையார் கையில் சூடான தேநீர்க் கிண்ணம் இருந்தது. அதை அவர் மறுக்கவில்லை.

சற்றுத் தேறியபின் அன்னையார் ஒரு கேள்வி கேட்டார். எங்களுக்குத் தெரிந்த இந்தியில் நாங்கள் கேட்க, அருகில் நின்ற ஒருவர் அதனை அவர்கள் மொழியில் பெயர்த்தார். "தினமும் இவருக்கு என்ன செய்வீர்கள்? ஒரு நாள் தவறினால் என்ன செய்வீர்கள்?" பிக்குணி சிறிதும் தயங்காமல் விடை சொன்னார்: "காலையில் தண்ணீர் வைப்பேன், விளக்கு ஏற்றுவேன். எனக்கு முடியாத நாளில் எங்களில் வேறொருத்தி செய்வாள். வருகிறவர்கள் நாராயணன் என்கிறார்கள். நாங்கள் சென்ரேசிக் என்கிறோம். தண்ணீர் ஒன்றுதான்."

அன்னையார் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும்போது தாமாகவே சன்னிதி வாயிலுக்குச் சென்று இரு கையையும் ஏந்தி நின்றார். பிக்குணி தீர்த்தம் வார்த்தார்.

காக்பேணிக் கரையில்

கீழே இறங்கும் வழியில் காக்பேணி இருக்கின்றது. முக்திநாத் பக்கமிருந்து வரும் ஜோங் ஆறும் காளி கண்டகியும் கூடும் இடம் அது. நீத்தார் கடன் செய்வதற்கு உரிய தலமாகப் போற்றப்படுவது. தந்தையாருக்குரிய கடனை அங்கே முடித்தோம். பிறகு அந்தப் பெட்டி. எங்கள் திட்டம் இதுதான்: கல்லை ஆற்றில் விட்டு, வணங்கி, திரும்பாமல் நடப்பது.

பிற்பகற் காற்று தொடங்கிவிட்டது. மணல் கண்ணில் விழுந்தது. பெட்டியைத் திறந்து கல்லை எடுக்கக் கை நீட்டினோம். அன்னையார், "நான் எடுக்கிறேன்" என்றார். நாற்பத்தைந்து ஆண்டுகளாகத் தொடாத கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கரையோரத்தில் குந்தி, ஓடும் நீரில் அதைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். ஆறு கரிய மண்ணோடு கலங்கி ஓடிற்று. கையை விரிப்பார், கல் போய்விடும் என்று நாங்கள் காத்து நின்றோம்.

அவர் எழுந்து, கல்லை முந்தானையால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடினார். "குளிப்பாட்டியாயிற்று, வீட்டுக்குப் போகலாம். இனிமேல் நானே செய்கிறேன்" என்றார். வழக்கம் என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "அந்த அம்மாள் மலைமேல் அத்தனை குளிரில் செய்கிறாள். எனக்கு வீட்டுக்குள் என்ன கஷ்டம்?" சன்னிதியில் 'அவள்' என்றும் 'பௌத்தச்சி' என்றும் சொன்ன அதே வாய் இப்போது 'அந்த அம்மாள்' என்றது. அதை எங்கள் இருவர் செவியும் ஒருங்கே கேட்டன.

உறவினர் சிலர் இம்முடிவை ஒப்பவில்லை. அவர்கள் கருத்தையும் நாங்கள் குறை கூற மாட்டோம். வழிவழி வந்ததைப் பேணும் கவலையே அவர்களைப் பேச வைக்கின்றது. ஆயினும் எங்கள் வீட்டில் இப்போது பெட்டி மூடிக் கிடப்பதில்லை. அன்னையார் நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு கிண்ணம் நீரும் ஒரு துளசி இலையும் சாத்துகின்றார். எங்கள் மாடியில் வெயில் போதாத நாட்களில் துளசி மாஷிமாவின் தொட்டியிலிருந்து வருகின்றது. அன்னையார் ஊருக்குச் சென்ற இரண்டு வாரமும் விளக்கை ஏற்றி வைத்தவர் அவரே. கல்லுக்கு அவர் வைத்திருக்கும் பெயரை அவர் மாற்றவில்லை, நாங்களும் மாற்றச் சொல்லவில்லை.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இதில் ஒரு பொருள் இருப்பதாக நாங்கள் எண்ணுகின்றோம். ஊரில் செய்தபடியே எல்லாம் செய்ய முடியவில்லை என்ற ஏக்கத்தில், செய்யக்கூடிய சிறிதையும் விட்டுவிடுகிறோம். பெட்டியை ஆற்றில் விடுவது எளிது. ஆனால் முறை முழுவதும் தெரியாதவர், மொழி வேறானவர், பெண், அயலார் என்று நாம் ஒதுக்கிய ஒருவர் கையில் அது பிழைத்துக்கொள்ளக் கூடும். முக்திநாத்தில் இரு சமயமும் தத்தம் பெயரை விடாமலே ஒரு விளக்கைக் காக்கின்றன. நாமும் நமது பெயரை விட வேண்டியதில்லை. விளக்கைப் பிறர் தொட்டால் அணைந்துவிடும் என்ற அச்சத்தை விட்டால் போதும்.

கண்டகி ஆறு பாட்னாவுக்கு எதிரே ஹாஜிபூர் அருகில் கங்கையில் கலக்கின்றது. 1975ஆம் ஆண்டு முதல் ஃபராக்கா அணையிலிருந்து வெட்டுக் கால்வாய் வழியே கங்கை நீரின் ஒரு பகுதி பாகீரதிக்குத் திருப்பப்படுகின்றது. அதுவே ஹூக்ளியாக நமது ஹௌரா பாலத்தின் கீழ் ஓடுகின்றது. இதைச் சொன்னபோது அன்னையார், "அப்படியானால் அந்தத் தண்ணீர் இங்கேயே வருகிறதே! முன்பே சொல்லியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாமே" என்றார். பிறகு சற்று யோசித்து, "இல்லை, போனதுதான் நல்லது" என்றார்.

செல்வோர் கவனத்துக்கு

1. மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரையும் ஏற்ற காலம். மழைக்காலத்தில் வழியில் மண்சரிவும், குளிர்காலத்தில் பனியும் உண்டு.

2. இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் செல்ல விசா வேண்டியதில்லை. கடவுச் சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டையைத் தவறாமல் எடுத்துச் செல்க. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு நுழைவுச் சீட்டுப் பெற வேண்டும்.

3. நமது 100 ரூபாய் நேபாள நாணயத்தில் 160 ரூபாய் ஆகும்.

4. முதியோர், நெஞ்சு நோய் உள்ளோர் முன்னதாக மருத்துவரைக் கலந்துகொள்க. ஜோம்சோமிலோ மார்பாவிலோ ஓரிரவாவது தங்காமல் மேலே செல்லற்க. தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் கண்டால் தரிசனத்தையும் பொருட்படுத்தாது உடனே கீழே இறங்குக; பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

5. 108 தாரையில் நீராட விரும்புவோர் மாற்றுடையும் கம்பளியும் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

6. சன்னிதியில் தீர்த்தம் கொடுக்கும் கை யாருடையது என்று பாராமல் வாங்கிக்கொள்க. அன்னையார் இதனையும் எழுதச் சொன்னார்.